பிள்ளைக் காம்பராவுக்கு அடுத்த வீடு: சப்ரகமுவத் தோட்டங்களில் முதியோரையும் எண்ணிய வீடமைப்பு

லயன் காம்பராவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வராது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒடுங்கிய ஸ்தோப்பு, புகை வெளியேற வழியில்லாத அடுப்பு, வரிசை முழுவதற்குமாகத் தூரத்தில் ஒரு கக்கூஸ். தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் வேண்டும் என்பதற்காகக் கட்டிய கொட்டகைகள் அவை. வந்த ஆளுக்கு வயது போகும் என்பதைக் கட்டியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஸ்தோப்பில் ஒரு வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. மலைக்குப் போக முடியாமற்போன கிழவி அங்கே உட்கார்ந்திருப்பாள். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள், காய வைத்த விறகை மழைக்கு முன் உள்ளே இழுத்துப் போடுவாள், யார் வந்தார் யார் போனார் என்று பார்த்திருப்பாள். அவளுக்கே காய்ச்சல் என்றால், சுவருக்கு அப்பால் இருமல் கேட்டுப் பக்கத்துக் காம்பராக்காரி எழுந்து வருவாள். இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் பெயரும் இல்லை.

லயன் போக வேண்டும், தனிவீடு வர வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் லயனை உடைத்துச் சரிவில் ஆங்காங்கே தனிவீடுகளைக் கட்டும்போது இந்த வேலை எங்கே போகிறது என்று வரைபடம் போடுகிறவர்கள் கேட்பதில்லை. தோட்ட வீடமைப்பின் அலகு ஒரு குடும்பம், ஒரு வீடு. மகன் கொழும்புக்கும் மருமகள் மத்திய கிழக்குக்கும் போன பின் அந்த வீட்டில் பகல் முழுதும் தனியே இருப்பவர் அறுபத்தெட்டு வயது அப்பாயி. அவரை மனதில் வைத்து வரைந்த திட்டம் எப்படி இருக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சப்ரகமுவவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், மலையகம் என்றதும் நுவரெலியாவை மட்டும் நினைக்கும் பழக்கத்தால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் எப்போதும் பந்தியின் கடைசியில் உட்கார வைக்கப்படுவதுதான்.

இலங்கை வேகமாக முதுமையடைந்து வருகிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர் 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் 7.9 சதவீதம், 2024 கணக்கெடுப்பில் 12.6 சதவீதம். தோட்டத்தில் இந்த முதுமை இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் எடுக்கலாம். 2021இன் சட்டம் ஓய்வு வயதின் கீழெல்லையை 60 ஆக்கியது. ஆனால் முப்பது வருடம் கூடை சுமந்த முதுகும் சரிவில் இறங்கி ஏறிய முழங்காலும் சட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை. எடுத்த சேமலாப நிதி மகளின் கல்யாணத்துக்கோ கூரைத் தகரத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடும். பிறகு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள், உடம்பு விடும்வரை. வருமானம் குறைந்த முதியவருக்கான அரசாங்கக் கொடுப்பனவு 70 வயதில்தான் தொடங்குகிறது. 2025இல் அது மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. 2024இல் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டால் நான்கு நாள் கூலிக்கும் குறைவு. ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருபது வருடங்கள் கிடக்கின்றன. அந்த இருபது வருடமும் அவளைத் தாங்குவது ஓய்வூதியம் அல்ல, இருக்கும் இடம்தான்.

அந்த இடமோ அவளுடையது அல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, காம்பரா வேலை செய்கிறவருக்கு. வேலை நின்ற பின்னும் பெரும்பாலும் யாரும் வெளியேற்றுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிம்மதி பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பதில் தொங்குகிறது. பிள்ளையில்லாதவர், பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போனவர், விதவையாகித் தங்கை வீட்டோடு ஒட்டிக்கொண்டவர் ஆகியோர் வீட்டுப் பட்டியல் எழுதும்போது ‘குடும்பம்’ என்ற கட்டத்துக்குள் வருவதில்லை. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னாளில் ‘டான்டீ’ ஆனது. அங்கும் ஓய்வு பெற்றவர் எங்கே போவது என்பது தீராத பிரச்சினை. தமிழ்நாட்டின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024இல் கம்பனி விருப்ப ஓய்வு கொடுத்துக் கீழே இறங்கச் சொன்னபோது தொழிலாளர் கேட்டதும் அதையே. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது அண்ணனை அங்கும் தங்கையை இங்குமாகப் பிரித்துப் போட்டது. இன்று எழுபதைத் தாண்டிய பலருக்குத் தம் வயதுச் சொந்தம் கூப்பிடு தூரத்தில் இல்லை. அவர்களுக்கு அயல்தான் சொந்தம்.

சப்ரகமுவவில் அந்த அயலும் சிறியது. நுவரெலியாவில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலை வரை தோட்டம். தமிழ்ப் பேச்சு கேட்டுக்கொண்டே நடக்கலாம். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனில் குடும்பங்களும் அதிகம் இருப்பதில்லை. 1977இலும் 1981இலும் இனவன்செயல் இந்தத் தோட்டங்களைத் தாக்கியபோது பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். திரும்பி வந்தவர்களும் போகாதவர்களுமே இன்றைய முதியவர்கள். அவர்களைத் தூரத்து நகரத்தில், மொழி தெரியாத ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவது பராமரிப்பு ஆகாது. டிவிசனுக்குள்ளேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவே எது முடியுமோ அதுவே அவர்களுக்கான வீடமைப்பு.

பந்தியின் கடைசி என்று சொன்னது வெறும் மனக்குறை அல்ல. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் முதற்கட்டங்களில் 46,000 வீடுகள் வடக்குக் கிழக்குக்குப் போயின. மூன்றாம் கட்டத்தில் தோட்டங்களுக்கு வந்த 4,000 வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு. இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் மலையகம் வந்தபோது அறிவித்த 10,000 வீடுகள்தான் நான்காம் கட்டமாக மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தன. அதற்கான அடிக்கல் 2024இல்தான் விழுந்தது. ஒரு வீட்டுக்கான உதவி இப்போது 28 இலட்சம் ரூபா. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி: இரண்டு படுக்கையறை, முன்னறை, சமையலறை, கழிப்பறை. தாமதமாக வருவதில் ஒரு நன்மை உண்டென்றால் அது முன்னே கட்டியவற்றின் குறையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான்.

முதல் குறை சரிவு. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர முதலான கிராமங்களை மூடியது நாடெங்கும் தெரிந்த செய்தி. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹனவில் லயனும் மண்ணுக்குள் போனதை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் மீண்டும் வெள்ளமும் சரிவும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் இப்போது மலைப்பகுதியில் வீட்டுக்கு இடம் குறிக்க முடியாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் சரியாத நிலம் வேறு, முதியவர் நடக்கக்கூடிய நிலம் வேறு. முதலாவதற்கு ஆய்வு இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு ஆனவை. ஆனால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எங்கும் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது கட்டடக்கலையில் நிலைத்த அளவு. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. சதுரமாகப் பிடித்தால் பக்கத்துக்கு நாற்பத்து நான்கடி. வீட்டுத் தரை ரோட்டிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தால் சாய்தளத்துக்கு மட்டும் முப்பத்தாறு அடி வேண்டும். காணியின் ஒரு பக்கத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். சப்ரகமுவச் சரிவில் மூன்றடி ஒன்றுமே இல்லை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பதினைந்து படி இருக்கும் இடங்கள் சாதாரணம். ஆக, ‘எல்லா வீட்டையும் முதியவருக்கு ஏற்றதாகக் கட்டுவோம்’ என்பது கேட்க இனிமையாக இருந்தாலும் நடக்காத காரியம். சரிவில் கட்டும் எல்லா வீட்டுக்கும் அகலமான கதவு, நிலைப்படி இல்லாத வாசல், கழிப்பறையில் கைபிடி ஆகியவற்றைக் கொடுக்கலாம், செலவு அதிகமில்லை. முழுப் பராமரிப்பு வேண்டியவரை ரோட்டுக்குச் சமதரையான ஒரு இடத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒவ்வொரு டிவிசனிலும் அப்படி ஒரு சமதரை ஏற்கெனவே இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவம், கோயில், டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா எல்லாம் கூடும் இடம். லொறி வரும், தண்ணீர் வரும், காலையில் சனம் வரும். அதிலும் பிள்ளைக் காம்பராதான் முக்கியம். தாய் மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை விட்டுச் செல்லும் அந்த இடம் இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயரில், பயிற்சி பெற்ற உத்தியோகத்தரோடு இயங்குகிறது. சமையலறை உண்டு, பாத்திரம் உண்டு, சுகாதாரப் பரிசோதனைக்கு நாள் உண்டு. பிள்ளைகள் குறைந்து வரும் டிவிசன்களில் பாதி அறை சும்மாவும் கிடக்கும். முதியோர் வீடுகளை இதற்குப் பக்கத்துச் சுவரில் வைப்பதே என் யோசனையின் நடுப்புள்ளி.

இதற்கு வெளியுலகில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி என்ற கட்டடத்தில் முதியோருக்கான 104 சிறு வீடுகளும் மருத்துவ நிலையமும் உணவங்காடியும் குழந்தைகள் காப்பகமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. காப்பகமும் முதியோர் நிலையமும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்கப்பட்டன. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹூமனிட்டாஸ் என்ற முதியோர் இல்லம் மாணவர்களை வாடகையில்லாமல் குடி வைத்திருக்கிறது. மாதம் முப்பது மணி நேரம் அவர்கள் முதியவர்களோடு செலவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டுமே பணக்கார நாட்டுப் பரிசோதனைகள். அவற்றின் கண்ணாடியும் லிஃப்டும் நமக்கு வேண்டாம். வயதைக் கலந்து வைக்கும் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர்கள் காசு கொடுத்து உண்டாக்கியதை லயன் ஸ்தோப்பு காசில்லாமல் செய்துகொண்டிருந்தது.

உருவம் கொடுத்துப் பார்ப்போம். இருபது குடும்பத்துக்கு வீடு வரும் ஒரு டிவிசன். சரிவில் பதினெட்டு வீடு, வழக்கமான 550 சதுர அடியில். மீதி இரண்டு வீட்டுக்கான பணத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் 280 சதுர அடி வீதம் நான்கு சிறுவீடுகள். 28 இலட்சத்தை 550ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஐயாயிரம் ரூபா சொச்சம்; சிறுவீடு ஒன்றுக்குப் பதினான்கு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், சாய்தளத்துக்கும் கைபிடிக்கும் தனியாகக் கொஞ்சம் தேவைப்படும். ஒரு அறை, அடுப்படி, உட்கார்ந்து எழும்பக் கூடிய கழிப்பறை. குந்துவதற்கு முழங்கால் ஒத்துழைக்காத பெண்களுக்குக் குந்துகிற கக்கூஸைக் கட்டிக் கொடுப்பது நம் திட்டங்களின் நிரந்தர வேடிக்கை. நான்கு வீட்டுக்கும் முன்னால் ஒரே நீள ஸ்தோப்பு, எட்டடி அகலத்தில். அது பிள்ளைக் காம்பராவின் முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும், மடுவத்துப் பாதையையும் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் அமைதியான தோட்டம் அமைப்பது கட்டடக் கலைஞர்களுக்குப் பிடித்த காரியம். கிழவிக்கு வேண்டியது யார் போகிறார்கள் என்று பார்ப்பது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. பெற்றவர்களைத் தனியே குடிவைப்பது நம் வழக்கமா? இளைய மகனோடு இருப்பதுதானே முறை? முறைதான். அதைக் கெடுக்க வேண்டியதில்லை. சரிவில் இருக்கும் மகன் வீட்டுக்கும் சிறுவீட்டுக்கும் நடுவே நூறு இருநூறு மீற்றர்தான் தூரம். சோறு ஒரு வீட்டில், படுக்கை இன்னொன்றில் என்பது தோட்டத்தில் புதிதும் அல்ல. ஒரே காம்பராவைச் சேலையால் மறைத்து மகனும் மருமகளும் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று வாழ்ந்த தலைமுறைக்கு, தனக்கென்று ஒரு கதவு இருப்பது புறக்கணிப்பாகத் தோன்றும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. கேட்டுப் பார்த்துக் கட்ட வேண்டும். சிறுவீடுகளில் ஒன்றை இளம் தம்பதிக்கோ டிஸ்பென்சரி உத்தியோகத்தருக்கோ கொடுப்பதும் நல்லது. நான்கும் முதியோருக்கு என்றால் அந்த மூலைக்கு ‘சாவு லயன்’ என்று பட்டப்பெயர் வர ஒரு மாதம் போதும்.

கட்டும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலைத்து நிற்கும் வீடமைப்பு என்ற பேச்சு பெரும்பாலும் சோலார் தகட்டோடு முடிந்துவிடுகிறது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வெயில் அடித்தால் 32, 33 பாகை சூடு, காற்றில் ஈரம். நுவரெலியாக் குளிருக்கு வரைந்த அடைத்த வீட்டை இங்கே கொண்டுவந்தால் பகலில் முதியவருக்கு மூச்சு முட்டும். உயரமான கூரை, எதிரெதிர் சன்னல், சுவரைத் தாண்டி மூன்றடி நீளும் இறவாரம் வேண்டும். சப்ரகமுவவின் சிவந்த மண் சிமெந்து கலந்து அழுத்திய கல்லுக்கு ஏற்றது. சூளை தேவையில்லை, ஐந்து முதல் பத்து சதவீதம் சிமெந்து போதும், அஸ்திவாரம் கருங்கல்லில் எழும்பி இறவாரம் நீண்டிருந்தால் மழை அதை ஒன்றும் செய்யாது. மரம் காலடியிலேயே இருக்கிறது. முப்பது வருடத்தில் பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரம் கேகாலைத் தோட்டங்களில் அடுப்புக்குத்தான் அதிகம் போகிறது. வெட்டிய சில நாட்களுக்குள் போரன் கரைசல் ஏற்றிக் காயவைத்தால் கதவு, சன்னல், கைபிடி எல்லாவற்றுக்கும் ஆகும். ஏற்றாமல் விட்டால் பூஞ்சணமும் பூச்சியும் தின்றுவிடும், அந்தப் பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. லயன் கூரைகளில் தகரத்துக்குப் பதிலாக வந்த அஸ்பெஸ்டஸைப் புதுவீட்டில் ஏற்றக் கூடாது, குறிப்பாக அதிலிருந்து வடியும் நீரைப் பிடிக்கப் போகிறோம் என்றால்.

பிடிக்கத்தான் வேண்டும். 550 சதுர அடிக் கூரையில் அந்த மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே வருடச் சராசரியில் ஒரு நாளைக்கு 400 லீற்றருக்குக் கிட்ட வரும். பீலித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஏறுவது முதிய பெண்கள் விழும் காரணங்களில் ஒன்று. வாசலில் ஒரு தாங்கி இருந்தால் அந்தச் சுமை இல்லை. ஜனவரி, பெப்ரவரி வறட்சிக்கு மட்டும் பீலி. கழிவுநீர் வாய்க்காலை மூடிக் கட்ட வேண்டும், ஏனெனில் இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன மாவட்டங்கள். இடிமின்னலுக்கும்தான்: ஏப்ரல் மாலைகளில் சப்ரகமுவவில் அடிக்கும் மின்னலைத் தெரிந்தவர்கள் வீட்டு மின்னிணைப்பின் புவித்தொடுப்பைச் சில்லறைச் செலவென்று வெட்ட மாட்டார்கள்.

வீட்டைக் கட்டிவிடலாம். பராமரிப்பைக் கட்டுவதுதான் கடினம். கேரளத்தில், முக்கியமாக மலப்புறம் மாவட்டத்தில், 2000க்குப் பின் வளர்ந்த நோய்தணிப்புப் பராமரிப்பு வலைப்பின்னல் இங்கே பொருந்தக்கூடிய பாடம். அயலவரில் பயிற்சி பெற்றவர்கள் வாரத்துக்குச் சில மணி நேரம் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பார்கள். தாதியர் வீடு வீடாக வருவார்கள். வைத்தியர் தேவைக்கு மட்டும். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாக ஏற்று உள்ளூராட்சி மன்றங்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. நம்மிடம் டிஸ்பென்சரி இருக்கிறது, குடும்ப நல உத்தியோகத்தர் வருகிறார், முதியோர் உரிமைகளுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இல்லாதது இவற்றை ஒரு டிவிசனில் இணைக்கும் ஒரு ஆள். பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்குப் பயிற்சியும் அரைநாள் சம்பளமும் கொடுத்தால் அந்த ஆள் அவள்தான். சம்பளம் யார் கொடுப்பது? பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாகாமல் பார்த்துக்கொண்டது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. ஆக, பணம் வராததற்கு இனிச் சட்டத்தைக் காட்ட முடியாது. கம்பனியும் சபையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்பது என் எண்ணம். கம்பனி தன் பங்கைத் தருமம் என்று நினைக்க வேண்டாம், பாட்டி பார்த்த பிள்ளையின் தாய்தான் அவர்களுடைய கொழுந்தை எடுக்கிறாள்.

கடைசி முடிச்சு உரிமை. இருநூறு வருடம் துரை வீட்டில் இருந்தவர்களிடம், ‘உனக்கு உறுதியில்லாத இன்னொரு வீட்டுக்குப் போ’ என்று சொன்னால் யாரும் போக மாட்டார்கள், போகவும் கூடாது. ஏழு பேர்ச் உறுதியில் முதியவரின் பெயர் வாரிசின் பெயரோடு சேர்ந்து நிற்க வேண்டும். அந்த உரிமையைத் தொடாமல், சிறுவீட்டில் அவருக்குச் சீவிய உருத்து எழுதலாம்: உயிரோடிருக்கும்வரை எவரும் எழுப்ப முடியாது, அவருக்குப் பின் பிள்ளைகளுக்குப் போகாமல் பட்டியலில் அடுத்திருக்கும் முதியவருக்குப் போகும். இலங்கையில் நொத்தாரிசு அலுவலகங்களுக்கு இது பழகிய வாசகம். சிறுவீடுகளின் காணி யார் பெயரில் இருப்பது என்பதில்தான் இழுபறி வரும். கம்பனி பெயரில் இருந்தால் குத்தகை முடியும் நாளில் கேள்வி எழும். தொழிற்சங்கத்தின் கையில் கொடுத்தால் எந்தச் சங்கம் என்ற சண்டை. 2018இன் சட்டத்தால் உருவான பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையிடம் காணியும், டிவிசனில் தெரிவாகும் ஒரு குழுவிடம் ஒதுக்கும் அதிகாரமும் இருப்பது நடைமுறைக்கு ஏற்றது. அந்தக் குழுவில் பாதியாவது சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய பெண்களாக இருக்க வேண்டும். யாருக்கு இரவில் கண் தெரிவதில்லை, எந்த மகன் பணம் அனுப்புவதில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.